எல்எம் 25 சிலிண்டர் ஹெட்டுக்கு டி6: கடினம் ஒரே சீராக வர

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் வார்ப்பு வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்பது: "ஒரே உலையில ஒண்ணா போட்ட ஹெட்டுல பாதி கெட்டியா வருது, மீதி மெத்துனு இருக்கே, ஏன் சார்?" எங்கள் பட்டறையிலும் இந்தத் தொல்லை இருந்தது. அது தீர்ந்த வழியைச் சொல்கிறேன். டி6 என்பது வார்ப்பைச் சூடாக்கி, தண்ணீரில் முழுக்கி, மறுபடி குறைந்த சூட்டில் வைத்துக் கெட்டியாக்கும் வெப்பப் பதம். உலோகம் எல்எம் 25 என்ற அலுமினியக் கலவை: சிலிக்கான் 6.5 முதல் 7.5 சதவீதம், கொஞ்சம் மக்னீசியம். உருக்குவது, ஊற்றுவது உங்களுக்கே தெரியும்.

முதலில் நுண்ணோக்கி. ஒரு துண்டு வெட்டி, எமரித் தாளில் 220 தொடங்கி 1200 வரை தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அப்புறம் வைரப் பசை. மேற்பரப்பை அரித்துப் பார்க்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். அது தோலில் பட்டால் எலும்பு வரை போகும். அமிலம் தொடாமலேயே வெளிர் அலுமினியத்தில் சிலிக்கான் சாம்பல் நிறமாகத் தெரியும். அது நீண்ட ஊசிகளாகத் தெரிந்தால், சிலிக்கானைப் பொடியாக்க உருக்கில் சேர்க்கும் ஸ்ட்ரான்சியம் வேலை செய்யவில்லை. விரிசல் அந்த ஊசி முனைகளில்தான் பிடிக்கும். பொடிப்பொடியாக இருந்தால் நல்லது, சூட்டில் சீக்கிரம் உருண்டுவிடும். உருண்டையான கருப்பு ஓட்டைகள் ஹைட்ரஜன். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றில் இங்காட்டும் (உலோகக் கட்டி) ஃப்ளக்ஸும் (உருக்கைச் சுத்தம் செய்யும் பொடி) ஈரம் குடித்துக்கொள்ளும், காயவைக்காமல் போட்டால் இதுதான் வரும். எந்த வெப்பப் பதமும் இந்த ஓட்டையை அடைக்காது.

அடுத்தது 540 டிகிரி செல்சியஸ். மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த துகள்கள் அலுமினியத்துக்குள் கரைய வேண்டும், அதற்குத்தான் இந்தச் சூடு. 555-ஐ நெருங்கினால் கடைசியாக உறைந்த மூலைகள் உருகத் தொடங்கும். செம்பு கலந்த கலவை என்றால் 500-ஐ ஒட்டியே நில்லுங்கள்.

பாதிக்குப் பாதி வந்ததன் காரணம் இந்தக் கட்டத்தில்தான் இருந்தது. அலுமினியம் 540-லும் சிவக்காது, கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. உலையின் டிஸ்ப்ளே காட்டுவது சென்சார் இருக்கும் இடத்துக் காற்றின் சூடு. கதவோரம் அடுக்கிய ஹெட்டின் தடித்த பாகம் அப்போதும் வெகுவாகப் பின்தங்கியிருக்கும். அதனால் கழித்துப்போட்ட ஹெட் ஒன்றில், தடித்த இடத்தில் துளை போட்டு சூடு அளக்கும் கே வகை தெர்மோகப்பிளைச் சொருகி, கதவோரமே வையுங்கள். அது 535 காட்டிய பிறகுதான் கடிகாரம் ஓட வேண்டும். அங்கிருந்து ஆறு மணி நேரம். விசிறி இல்லாத உலையை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். விலை குறைவென்று யார் சொன்னாலும் சரி.

கதவு திறந்ததிலிருந்து தண்ணீரில் முழுகும் வரை 10 வினாடிக்குள் முடிய வேண்டும். தாமதித்தால் கரைந்ததெல்லாம் வெளியே வந்து பருத்துவிடும், பிறகு கடினம் ஏறாது. ஆகவே தொட்டியை உலைக்கு அருகிலேயே கொண்டுவாருங்கள். தண்ணீர் 70 டிகிரி இருக்கட்டும், பச்சைத் தண்ணீரில் மெல்லிய சுவர்கள் கோணிவிடும். கூடையை அசைத்துக்கொண்டே இருங்கள்.

அப்புறம் கடினம் ஏறுவதற்கான முதிர்த்தல்: 165 டிகிரியில் எட்டு மணி நேரம். கடினத்தை பிரினெல்லில், அதாவது குண்டை அழுத்திப் பள்ளத்தை அளக்கும் முறையில் பாருங்கள், பெரிய குண்டு சிலிக்கானையும் அலுமினியத்தையும் சேர்த்தே அளக்கும். 90 முதல் 110 வர வேண்டும். கையடக்கக் கருவியை மெல்லிய சுவரில் நான் நம்புவதில்லை.

பிற்சேர்க்கை: கடலூரிலிருந்து ஒருவர், பிரஷர் டை காஸ்டிங் (உருக்கை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தும் வார்ப்பு) உறைகளில் கொப்புளம் வருகிறது என்று எழுதியிருந்தார். உள்ளே சிக்கிய காற்று 540-ல் விரிகிறது. சாதாரண பிரஷர் டை வார்ப்புக்கு முழு டி6 வேண்டாம்; குறைந்த சூட்டில் முதிர்த்தல் மட்டும் போதும்.

இன்னொருவருக்கு: கோணிய ஹெட்டை நிமிர்த்துவதானால் தண்ணீரிலிருந்து எடுத்த உடனே செய்யுங்கள். அப்போதுதான் அது மென்மையாக இருக்கும். 165-ல் வைத்து எடுத்த பிறகு அழுத்தினால் விரிசல் விடும்.