லாகின் செய்த பயனரின் விவரத்தை மற்ற த்ரெட்களுக்குத் தவறில்லாமல் கடத்துவது எப்படி?

ஜாவா வெப் அப்ளிகேஷனுக்கு ஒரு ரிக்வெஸ்ட் வந்ததும், அதை ஓட்டும் சர்வரான டாம்கேட் தன் பூலிலிருந்து (தயாராக வைத்திருக்கும் த்ரெட்களின் தொகுப்பு) ஒரு த்ரெட்டை, அதாவது வேலையைத் தனியாக ஓட்டும் ஓர் இழையை, எடுத்து அதற்கு ஒதுக்குகிறது. டீஃபால்ட்டாக அந்தப் பூலில் அதிகபட்சம் 200 த்ரெட்கள் இருக்கும். லாகினையும் அனுமதியையும் கவனிக்கும் ஸ்பிரிங் செக்யூரிட்டியின் ஃபில்டர், செஷனையோ டோக்கனையோ பார்த்து லாகின் செய்தவர் யார் என்று கண்டறிந்து, அதை செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் ஹோல்டரில் வைக்கிறது. அந்த ஹோல்டர் உள்ளுக்குள் ஒரு த்ரெட்லோக்கல், அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி மதிப்பை வைத்திருக்கும் மாறி. அதனால்தான் கன்ட்ரோலர், சர்வீஸ், ரெப்பாசிட்டரி என்று எந்த அடுக்கிலிருந்து கேட்டாலும் பயனர் கிடைக்கிறார். ரிக்வெஸ்ட் முடிந்ததும் ஃபில்டரே அதைத் துடைத்துவிடும்.

அறிக்கை தயாரிப்பது, மெயில் அனுப்புவது போன்ற வேலையை வேறு த்ரெட்டிடம் கொடுத்தவுடன் இந்த ஏற்பாடு அறுந்துபோகிறது. அந்த த்ரெட்டில் பயனர் இல்லை. நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும், அல்லது ஆடிட் டேபிளில் ‘உருவாக்கியவர்’ நெடுவரிசை காலியாக நிற்கும். தொல்லைதான், ஆனால் சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். இதைச் சரிசெய்கிறேன் என்று போய், வேறொருவரின் அடையாளத்தோடு வேலை ஓடும்படி விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. எக்ஸெப்ஷன் வராது, லாகும் ஒழுங்காகத் தெரியும்; ஒருவரின் தரவு மட்டும் இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். கீழே சொல்லும் முறை முழுவதும் இந்த இரண்டாவது வகைப் பிழையைத் தடுப்பதற்காகத்தான்.

இன்ஹெரிட்டபிள் த்ரெட்லோக்கல் வேண்டாம்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு, ஹோல்டரின் ஸ்ட்ராட்டஜியை இன்ஹெரிட்டபிள் த்ரெட்லோக்கலுக்கு மாற்றுவது. ஒரே வரி மாற்றம். உடனே வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால் அது தாய் த்ரெட்டின் மதிப்பைப் பிரதி எடுப்பது, புது த்ரெட் உருவாகும்போது மட்டும்தான். டாஸ்க் கொடுக்கும்போது அல்ல. பூலில் இருக்கும் த்ரெட்கள் ஒருமுறை பிறந்து நாள்கணக்கில் ஓடுகின்றன.

ஸ்பிரிங் பூட் தானாக அமைத்துத் தரும் எக்ஸிகியூட்டரை (டாஸ்க்குகளைப் பூல் த்ரெட்களிடம் ஒப்படைப்பது) எடுத்துக்கொள்வோம். அதன் கோர் அளவு, அதாவது வழக்கமாக வைத்திருக்கும் த்ரெட்களின் எண்ணிக்கை, 8. கோர் நிரம்பும்வரை, ஏற்கெனவே உள்ள த்ரெட் சும்மா இருந்தாலும், ஒவ்வொரு டாஸ்க்குக்கும் புது த்ரெட்தான் பிறக்கும். ஆகவே முதல் எட்டு டாஸ்க்குகளிலும் பயனர் சரியாகவே வருவார். ஒன்பதாவது டாஸ்க் க்யூவுக்குப் போய், பழைய த்ரெட் ஒன்றின் கையில் விழும். அந்த த்ரெட் பிறந்தபோது யார் லாகின் செய்திருந்தாரோ அவர் பெயரில் ஓடும். டெவலப்பர் தன் ஒரே அக்கவுன்ட்டில் சோதித்தால், நூறு முறை ஓட்டினாலும் இது தெரியவராது. உற்பத்திச் சூழலில், பல பேர் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போதுதான் வெடிக்கும். த்ரெட் பூல் இருக்கும் இடத்தில் இந்த அமைப்பை வைக்கவே வைக்காதீர்கள்.

எதைக் கடத்த வேண்டும்

பயனர் ஐடி, டெனன்ட் ஐடி (எந்த வாடிக்கையாளர் நிறுவனம்), ரோல்கள், லொகேல் (மொழி, வட்டார அமைப்பு), ட்ரேஸ் ஐடி (ஒரு ரிக்வெஸ்ட்டை லாகில் பின்தொடரும் அடையாளம்). இவ்வளவு போதும். இவற்றை மாற்றமுடியாத ஒரு சிறு ரெக்கார்டில் வையுங்கள். ரோல் பட்டியலை லிஸ்ட் காப்பிஆஃப் மூலம் பிரதி எடுத்து வையுங்கள்.

ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டை இன்னொரு த்ரெட்டுக்குக் கொடுக்கவே கூடாது. ரெஸ்பான்ஸ் போனதும் டாம்கேட் அந்த ஆப்ஜெக்ட்டைச் சுத்தம் செய்து அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குப் பயன்படுத்தலாம். நீங்கள் படிக்கும் ஹெடர் வேறொருவருடையதாக இருக்க வாய்ப்புண்டு. பயனரின் ஜேபிஏ என்டிட்டியையும் (டேட்டாபேஸின் ஒரு வரிசையைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) அனுப்பாதீர்கள். ஹைபர்னேட் செஷன் அதற்குள் மூடியிருந்தால், கேட்கும்போது மட்டும் ஏற்றப்படும் லேசி ஃபீல்டைத் தொட்டவுடன் லேசி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன்தான் மிஞ்சும்.

இன்னொன்று: வேறு த்ரெட்டில் ஓடும் இடங்கள் மொத்தமே இரண்டு மூன்றுதான் என்றால், எந்த அமைப்பும் வேண்டாம். பயனர் ஐடியை மெதட்டின் ஆர்குமென்ட்டாகவே கொடுத்துவிடுங்கள். படிப்பவருக்கும் புரியும், டெஸ்ட் எழுதவும் எளிது. இடங்கள் பெருகும்போதுதான் கீழே உள்ள டெக்கரேட்டர் தேவைப்படுகிறது.

டாஸ்க் டெக்கரேட்டர் எழுதுவது

ஸ்பிரிங் 4.3 முதல் டாஸ்க் டெக்கரேட்டர் என்ற இன்டர்ஃபேஸ் இருக்கிறது. அதில் டெக்கரேட் என்று ஒரே மெதட். ஒரு ரன்னபிளை (ஓட்டவேண்டிய வேலையை) வாங்கி, சுற்றிக் கட்டிய இன்னொரு ரன்னபிளைத் திருப்பித் தரும். கவனிக்க வேண்டியது: டெக்கரேட் மெதட் ஓடுவது டாஸ்க்கைக் கொடுக்கும் த்ரெட்டில், அது திருப்பித் தரும் லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்க்ஷனாக எழுதிய அந்த ரன்னபிள்) ஓடுவது பூல் த்ரெட்டில். பிழைகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கோட்டைத் தவறவிடுவதால் வருகின்றன.

1. லாம்டாவுக்கு வெளியே பிடியுங்கள். ஹோல்டரிலிருந்து அத்தென்டிகேஷனை எடுத்து, புதிதாக ஒரு காலி செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் உருவாக்கி அதில் வையுங்கள். பழைய கான்டெக்ஸ்ட்டை அப்படியே அனுப்பினால், ஒரே செஷனில் இணையாக ஓடும் ரிக்வெஸ்ட்கள் அதே ஆப்ஜெக்ட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். ஒன்று அதில் செட் அத்தென்டிகேஷன் செய்தால் மற்ற எல்லா த்ரெட்டிலும் மாறிவிடும்.

2. லாம்டாவுக்குள் முதல் வேலையாக, அந்த த்ரெட்டில் ஏற்கெனவே என்ன கான்டெக்ஸ்ட் இருக்கிறது என்று எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பிடித்து வைத்ததை செட் செய்து, ட்ரை ப்ளாக்குக்குள் டாஸ்க்கை ஓட்டுங்கள்.

3. ஃபைனலி ப்ளாக்கில் பழையதைத் திருப்பி வையுங்கள். பழையது காலியாக இருந்தால் மட்டும் கிளியர் செய்யுங்கள்.

மூன்றாவது படியில் பலரும் யோசிக்காமல் கிளியர் மட்டும் எழுதிவிடுகிறார்கள். பூலும் க்யூவும் நிரம்பும்போது காலர் ரன்ஸ் பாலிசி இருந்தால், டாஸ்க் பூலுக்குப் போகாமல் கொடுத்த த்ரெட்டிலேயே ஓடும். அதாவது, ரிக்வெஸ்ட் த்ரெட்டில். அங்கே ஃபைனலி வந்து கிளியர் செய்தால், ரிக்வெஸ்ட்டின் மீதிப் பாதியில் பயனரே இருக்கமாட்டார். லோடு ஏறும்போது மட்டும் சிலருக்கு 401 (லாகின் இல்லை) அல்லது 403 (அனுமதி இல்லை) வருகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்று புகார் வந்தால், முதலில் இங்கே பாருங்கள்.

லாகில் பயனர் ஐடியும் ட்ரேஸ் ஐடியும் தெரிய வேண்டுமானால் எம்டிசியையும் (லாக் வரிகளில் சேர்க்கும் மதிப்புகளை த்ரெட்வாரியாக வைத்திருப்பது) இதே டெக்கரேட்டரில் சேர்த்துக் கடத்துங்கள். அதன் கெட் காப்பி ஆஃப் கான்டெக்ஸ்ட் மேப் சில நேரம் நல் தரும். சரிபார்க்காமல் செட் செய்யக்கூடாது. லாக் எழுதும் லைப்ரரியான லாக்பேக்கில் 1.1.5 முதல் எம்டிசி மதிப்புகள் சேய் த்ரெட்டுக்குத் தானாகப் போவதில்லை.

ஸ்பிரிங் பூட்டின் எக்ஸிகியூட்டரையே பயன்படுத்தினால், டெக்கரேட்டரை பீனாக அறிவித்தால் போதும். நீங்களே த்ரெட் பூல் டாஸ்க் எக்ஸிகியூட்டர் உருவாக்கினால் செட் டாஸ்க் டெக்கரேட்டரைக் கையால் அழைக்க வேண்டும். மறந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. எம்டிசி, டெனன்ட் எதுவும் வேண்டாம், பயனர் மட்டும் போதும் என்றால் ஸ்பிரிங் செக்யூரிட்டியே தரும் டெலிகேட்டிங் செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் எக்ஸிகியூட்டர் சர்வீஸால் உங்கள் பூலைச் சுற்றிவிடுங்கள். மேலே சொன்ன பிடிப்பது, வைப்பது, திருப்புவது மூன்றையும் அதுவே செய்யும்.

நழுவும் இடங்கள்

கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரின் சப்ளை அசிங்கை எக்ஸிகியூட்டர் கொடுக்காமல் அழைத்தால், வேலை பொதுவான ஃபோர்க் ஜாயின் பூலுக்குப் போய்விடும். உங்கள் டெக்கரேட்டர் அங்கே எட்டாது. கோட்பேஸ் முழுக்க சப்ளை அசிங்க், ரன் அசிங்க் இரண்டையும் தேடி, இரண்டாவது ஆர்குமென்ட் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேரலல் ஸ்ட்ரீம் இன்னும் குழப்பும்: சில உருப்படிகள் அழைத்த த்ரெட்டிலேயே ஓடும், மற்றவை பொதுப் பூலில் ஓடும். அதனால் பட்டியலில் சில உருப்படிகளுக்குப் பயனர் கிடைப்பார், மற்றவற்றுக்குக் கிடைக்கமாட்டார்.

கன்ட்ரோலர் காலபிள் திருப்பித் தந்தால் ஸ்பிரிங் செக்யூரிட்டி தானாகவே கடத்திவிடும். டிஃபர்டு ரிசல்ட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒரே ரிக்வெஸ்ட் பல த்ரெட்களில் தாவி ஓடக்கூடிய வெப்ஃப்ளக்ஸில் த்ரெட்லோக்கலை நம்பவே முடியாது. ரியாக்டிவ் செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் ஹோல்டரிலிருந்துதான் படிக்க வேண்டும்.

அட்டவணைப்படி ஓடும் ஜாப்களுக்கு லாகின் செய்தவர் என்று யாரும் இல்லை. குறைந்த உரிமைகளோடு ஒரு சிஸ்டம் அக்கவுன்ட் வைத்து, அதை வெளிப்படையாகச் செட் செய்யுங்கள். க்யூவில் வெகுநேரம் காத்திருக்கும் வேலைக்கு டாஸ்க் கொடுத்த நேரத்து ரோல்களை நம்பாதீர்கள். ஐடியை மட்டும் எடுத்துப்போய், ஓடும்போது உரிமையை மறுபடி சரிபாருங்கள். இடையில் அந்தப் பயனர் நீக்கப்பட்டிருக்கலாம்.

மற்ற மொழிகளிலும் கதை இதுவே. பைத்தானில் 3.7 முதல், த்ரெட்லோக்கலின் வேலையைச் செய்யும் கான்டெக்ஸ்ட்வார்ஸ் இருக்கிறது. அசிங்க்ஐஓவின் டாஸ்க்குகள் கான்டெக்ஸ்ட்டைத் தானே பிரதி எடுக்கும், 3.9இல் வந்த டூ த்ரெட்டும் எடுக்கும். ரன் இன் எக்ஸிகியூட்டர் எடுக்காது. அங்கே காப்பி கான்டெக்ஸ்ட் எடுத்து, அதன் ரன் மெதட்டைப் பூலுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனிப் பிரதி தேவை. ஒரே பிரதிக்குள் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால் ரன்டைம் எரர். நோடில் அசிங்க் லோக்கல் ஸ்டோரேஜ் போதும், ஆனால் வொர்க்கர் த்ரெட்டுக்கு அது போகாது. செய்தியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஜாவா 25இல் ஸ்கோப்டு வேல்யூ (குறிப்பிட்ட கோட் பகுதி ஓடும்வரை மட்டும் நிற்கும் மதிப்பு) நிரந்தர அம்சமாகிவிட்டது. அதில் திருப்பி வைக்க மறப்பது என்ற பிழைக்கே இடமில்லை என்பதால், புதிதாக எழுதும் கோடில் முயன்று பார்ப்பது நல்லது.

டெஸ்ட்

பூல் அளவை 1 என்று வைத்து எழுதுங்கள்; அப்போதுதான் ஒரே த்ரெட் மறுபடி மறுபடி பயன்படும். முதல் பயனராக ஒரு டாஸ்க், இரண்டாவது பயனராக ஒரு டாஸ்க், பயனரே இல்லாமல் ஒரு டாஸ்க். மூன்றும் தாங்கள் கண்ட பயனர் ஐடியைத் திருப்பித் தரட்டும். இரண்டாவது தவறினால் பிடிப்பது லாம்டாவுக்குள் நடக்கிறது, அல்லது இன்ஹெரிட்டபிள் அமைப்பு எங்கோ மிச்சமிருக்கிறது. மூன்றாவதில் யாராவது தென்பட்டால் ஃபைனலி சரியில்லை. நான்காவதாக, க்யூ அளவை 0 ஆக்கி, காலர் ரன்ஸ் பாலிசி வைத்து, பூலின் ஒரே த்ரெட்டை கவுன்ட்டவுன் லாட்சால் நிறுத்திவைத்துக்கொண்டு இன்னொரு டாஸ்க் கொடுங்கள். அது முடிந்தபின், டெஸ்ட் ஓடும் த்ரெட்டில் பழைய பயனர் இன்னும் இருக்கிறாரா என்று பாருங்கள். பயனர் உள்ள ஒவ்வொரு டாஸ்க்கிலும் வெவ்வேறு பயனர் ஐடியை வையுங்கள். ஒரே ஐடியை வைத்தால், பழைய பயனரே வந்தாலும் இரண்டாவது டெஸ்ட் பச்சையாகவே காட்டும்.