கோளக் கொத்துக்கு வயது கணிக்கும்போது செய்யக் கூடாதவை

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேப் டவுனுக்குப் படிக்க வந்த பெண் ஒருத்தி, போன வாரம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "அண்ணா, 47 டுக்கானேக்கு 900 கோடி வருஷம்தான் வருது!" 47 டுக்கானே ஒரு கோளக் கொத்து: லட்சக்கணக்கான பழைய விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே கொத்து, அதே தப்பான வயது. 2018-ல் நான் போட்டது.

அலகைச் சரிபார், கோப்பைச் சேமி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை.

இடமாறை அப்படியே தலைகீழாக்குவது

2018 ஏப்ரலில், விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் இரண்டாம் தரவுத் தொகுப்பு வந்தது. இடமாறு என்பது, பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் சிறு கோணம்; தூரம் கூடக் கூட அது குறையும். கொத்தின் விண்மீன்களுக்கு இடமாறு சராசரி எடுத்தேன்: சுமார் 0.19 மில்லி ஆர்க்செகண்ட் (மிக நுண்ணிய கோண அலகு). ஒன்றை அதால் வகுத்தால் தூரம் கிலோபார்செக்கில் வரும் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு); எனக்கு வந்தது 17,000 ஒளியாண்டு. முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

அந்தத் தரவில் இடமாறுகள் சுமார் 0.03 மில்லி ஆர்க்செகண்ட் குறைவாகப் பதிவாகியிருந்தன. குவாசர்கள் இடமாறே தெரியாத தொலைவில் ஒளிரும் மண்டலக் கருக்கள்; அவற்றுக்குப் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் எதிர்மறை எண் வருகிறது என்று வெளியிட்டவர்களே எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

பக்கத்து விண்மீனுக்கு 0.03 ஒன்றுமே இல்லை. இந்தக் கொத்துக்கோ ஏழில் ஒரு பங்கு! உண்மைத் தூரம் 14,500 ஒளியாண்டை ஒட்டியது. கொத்தைத் தூரமாகத் தள்ளி வைத்தால் விண்மீன்களின் சொந்த ஒளி கூடிவிடும்; முதன்மைத் தொடரை (மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் பருவத்தை) விட்டு அவை திரும்பும் இடம் பிரகாசமாகும்; பிரகாசமான விண்மீன் சீக்கிரம் எரிந்து தீரும் என்பதால், கொத்து இளமையாகிவிடும். ஒளிர்வு 0.1 மேக்னிட்யூட் (வானியலின் ஒளிர்வு அளவு) பிசகினால் வயதில் ஏறக்குறைய 100 கோடி ஆண்டு போகும். நான் 0.3 பிசகியிருந்தேன்.

பால்வீதி, கையா-என்செலடஸ் என்ற சிறு விண்மீன் மண்டலத்தை விழுங்கியது சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்கு முன்பே பிறந்த கொத்தை, மோதலுக்குப் பின் பிறந்ததாக்கி நாலு மாதம் கதை கட்டினேன். வழிகாட்டி எல்லோர் முன்னாலும் ஒரே கேள்விதான் கேட்டார்: "குவாசரைப் பார்த்தாயா?"

2020-ல் அடுத்த தரவோடு இந்தப் பிசகைத் திருத்தும் நிரலும் வந்துவிட்டது. டர்பன் பெண்ணிடம் இருந்ததோ யாரோ சீனியர் கொடுத்த 2018 கோப்பு. அந்த சீனியரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் இருப்பதை மறப்பது

47 டுக்கானேக்குப் பின்னால், சுமார் 2 லட்சம் ஒளியாண்டில், சிறிய மெகல்லன் மேகம் என்ற இன்னொரு விண்மீன் மண்டலம். விண்மீன்களின் நிறத்தை ஒளிர்வுக்கு எதிரே வரையும் நிற-ஒளிர்வு வரைபடத்தில் தெரியும் இன்னொரு கோடு கொத்தின் புதுத் தலைமுறை அல்ல, மேகத்தின் செம்பூதங்கள் (வீங்கிச் சிவந்த முதிய விண்மீன்கள்). வானில் நகரும் வேகத்தை வைத்துப் பிரித்தெடுங்கள். அப்புறம் அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்: அவற்றின் இடமாறு கிட்டத்தட்ட பூஜ்யம், பிசகை அளக்க அவையே போதும்.

தூசி

வழியில் உள்ள தூசி ஒளியை மங்கலாக்கிச் சிவப்பாக்கும்; அதைக் கழிக்காமல் நிறத்தை நம்பாதீர்கள்.

ஒமேகா செண்டாரி

இதையும் கோளக் கொத்து என்பார்கள்; ஆனால் பட்டியலில் தனியாக வையுங்கள். விழுங்கப்பட்ட ஒரு சிறு மண்டலத்தின் கரு அது என்பதே பலரின் கணிப்பு. ஆகஸ்ட் முன்னிரவில், தென்னாப்பிரிக்க வானாய்வகம் இருக்கும் சதர்லாந்து மேட்டில் நின்றால் தென்மேற்கே வெறும் கண்ணுக்கே தெரியும். கம்பளி எடுத்துப் போங்கள்.