'கேதர்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் பொருளை அறிய ஒரு வழி

ஆங்கிலத்தில் 'கேதர்' என்ற வினைச்சொல்லைக் காணும்போது உடனே 'சேகரி' என்று பொருள் கொள்ளாமல், அதற்கு அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். அகராதியைப் புரட்டும் நேரம் பெரும்பாலும் மிச்சமாகும்.

விறகு, பூ, தகவல் போன்றவை வந்தால் சேகரித்தல் என்றும், வேகம், வலிமை போன்றவை வந்தால் அவை படிப்படியாகக் கூடுதல் என்றும், எதுவும் வராமல் மக்களே எழுவாயாக இருந்தால் ஒன்றுதிரளுதல் என்றும் கொள்ளலாம். பலரும் தடுமாறுவது 'ஐ கேதர் தட்' என்ற தொடரில்தான்: கேட்டதையும் கண்டதையும் வைத்துப் பேசுபவர் ஊகித்து அறிந்துகொண்டதையே அது குறிக்கிறது. சிதறிக் கிடப்பவை ஓரிடத்தில் சேர்வது என்ற ஒரே கருத்து இவை அனைத்துக்கும் அடியில் இருப்பதால், எது சேர்கிறது என்று தெரிந்தவுடன் பொருளும் தெளிந்துவிடுகிறது. நம் 'கூடு' என்ற சொல்லும் மக்களுக்கு ஒரு பொருளையும் வேகத்துக்கு வேறு பொருளையும் தருவதை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

மரபுத்தொடர்களுக்கு இந்த வழி உதவாது. 'கேதர் டஸ்ட்' என்பது தூசி படிவதை மட்டுமன்றி, ஒரு பொருளோ திட்டமோ பயன்படுத்தப்படாமல் கிடப்பதையும் குறிக்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போதும் கவனம் தேவை. பொழுதுபோக்காகத் தபால்தலை சேகரிப்பதற்கு 'கலெக்ட்' என்பதே உரிய சொல்.