பாட்டு கேட்கும் பிளேயர் வாங்கும் முன் தவிலைப் போட்டுக் கேளுங்கள்

பாலக்கோட்டில் 11 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் இருட்டும்வரை காதில் பாட்டு ஓட வேண்டும். போனில் கேட்டால், சரணம் தொடங்கும் நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டு, "அக்கா, ஜாக்கெட் ஆயிடுச்சா?" என்பார்கள். அதனால் பாட்டுக்கென்று தனியாக ஒரு எம்பி3 பிளேயர். இதுவரை நான்கு வாங்கியிருக்கிறேன். 2,000 ரூபாய்க்குள் வாங்க நினைப்பவர்களுக்கு அவற்றிலிருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த ஐந்தாறு பாட்டுகளை ஒரு மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். வழக்கமாகப் போடும் இயர்போனையும் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் போட்டுக் காட்டும் குத்துப் பாட்டில் எந்தப் பிளேயரும் நன்றாகத்தான் கேட்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

என் கார்டில் முதலில் இருப்பது தனித்தவில். தவிலின் வலது முகமான வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள், இடது முகமான தொப்பியைக் கழியால் அடிப்பார்கள். ஒரு பக்கம் சுரீரென்று கேட்கும், மறுபக்கம் கும்மென்று கேட்கும். நல்ல பிளேயரில் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு அடியும் தனியாக விழும். மட்டமானதில் தொப்பியின் ஓசை பரவி வலந்தலையை மூடிவிடும். பேஸ் (கும்மென்ற கீழ் ஓசை) அதிகம் என்று பெருமையாக விற்பது பெரும்பாலும் இதைத்தான்.

அடுத்து, வாத்தியம் குறைவாக உள்ள ஒரு பெண் குரல். 'ச', 'ஸ' வரும் இடங்களில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் வேண்டாம். கடையில் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம், பத்து மணி நேரம் முடியாது.

மூன்றாவது, ஒரு நிமிட மௌனம். அக்கா மகன் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி மென்பொருளில் செய்து கொடுத்தான். அதை ஓடவிட்டு வால்யூமை ஏற்றினால் பிளேயரின் சொந்த இரைச்சல் மட்டும் கேட்கும். பாட்டை நிறுத்திப் பார்த்தால் போதாது, சில பிளேயர்கள் நிறுத்தியதும் உள்ளேயே ஒலியை அணைத்துவிடும். தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளில் ஹாரன் சத்தத்தில் இரைச்சல் தெரியாது. கடைக்குள்ளே தள்ளிப் போய் நின்று கேளுங்கள். என் இரண்டாவது பிளேயரை வாசலில் நின்று கேட்டு வாங்கினேன். இரவு வீட்டில் போட்டால் மழை பெய்வதுபோல் 'ஸ்ஸ்' என்றது. மாற்றித் தரவும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

இரண்டு பிளேயர்களை ஒப்பிட்டால், இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். இது ஒன்றிலேயே பலர் தவறானதை எடுத்துவிடுகிறார்கள்.

பாட்டின் பதிவே சரியில்லை என்றால் பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ்ஸில் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு) சுமார் 5 எம்பி வரும், 320-இல் சுமார் 12 எம்பி. 128-ஐ அப்படியே 320-ஆக மாற்றினால் எம்பி கூடும், போன ஓசை திரும்பி வராது. பஜனைப் பாட்டில் ஜால்ராவைக் கவனியுங்கள். 'ஜிங்' என்று தெளிவாக முடியாமல் தண்ணீரில் கரைவதுபோல் குழைந்தால், அது மட்டமான பதிவு.

பெட்டிமேல் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று ஒலியின் நுணுக்க அளவைப் போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். மனிதக் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதற்கு சிடியின் அளவே போதும்.

அந்தக் காசை இயர்போனில் போடுங்கள். 2,000 ரூபாய் இருந்தால் 1,300 பிளேயருக்கு, 700 இயர்போனுக்கு. கூடவே வரும் ரப்பர் முனைகளில் உங்கள் காதை இடைவெளி இல்லாமல் அடைப்பது எது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சரியாக அடைக்காவிட்டால் தவிலின் தொப்பி காணாமலே போய்விடும்.

பேட்டரி விஷயத்தில்தான் உண்மையான லாபம் இருக்கிறது. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளரத் தொடங்கும். எட்டு மணி நேரம் ஓடுவதைத் தினமும் சார்ஜ் போட வேண்டும். முப்பது மணி நேரம் ஓடுவதற்கு எனக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். 600 ரூபாய்க்கு வாங்கியது ஒன்றரை வருடத்தில் போனது. 1,400 கொடுத்தது ஐந்தாவது வருடமாக ஓடுகிறது.

கார்டு வாங்கும்போது 32 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில் வரும், பல மலிவுப் பிளேயர்களுக்கு அது படிக்க வராது. வாங்கிய அன்றே முழுக்க நிரப்பி, கடைசிப் பாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். போலிக் கார்டு அங்கேதான் மாட்டும்.

இன்னொன்று, என்னைப்போல் துணித் தூசியில் வேலை செய்பவர்களுக்கு. ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே புது இயர்போன் வாங்க ஓடாதீர்கள். இயர்போன் முனையில் உள்ள சின்ன வலையில் பஞ்சு அடைத்திருக்கும். இயர்போனைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள்.