சிங்கப்பூரில் விண்வெளி, வானியல் ஆய்வுக்கு அரசு மானியம் கேட்பது எப்படி

வானியலுக்கென்றே ஒதுக்கிய மானியம் இருக்கிறதா என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம். சிங்கப்பூரில் விண்மீன்களை ஆராய்பவர் அடிப்படை ஆய்வுக்கான கதவைத் தட்ட வேண்டும். துணைக்கோளும் கருவியும் செய்பவருக்கு வேறு கதவு. இரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே நல்ல திட்டங்கள் முதல் சுற்றிலேயே திரும்பி வந்துவிடுகின்றன.

அடிப்படை ஆய்வு என்றால் கல்வி அமைச்சின் ஏசிஆர்எஃப் (கல்விசார் ஆய்வு நிதி). இதன் முதல் நிலையைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. தொகை சிறியது, புதியவர்கள் கைபழக ஏற்றது. இரண்டாம் நிலையில் போட்டி கடுமை. உங்கள் துறையை நன்கு அறிந்த வெளிநாட்டு வல்லுநர்களும் படிப்பார்கள், அதனால் பொதுப்படையாக எழுதினால் எடுபடாது. தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் ஆய்வாளர் மானியம் 5 ஆண்டுகளுக்கானது. முனைவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு, எந்த நாட்டவராயினும், அது திறந்திருக்கிறது.

தொழில்நுட்பம் என்றால், 2013இல் தொடங்கிய விண்வெளித் தொழில்நுட்ப, தொழில்துறை அலுவலகம் முன்னெடுத்த மேம்பாட்டுத் திட்டத்தைப் பாருங்கள். 2022இல் 150 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியுடன் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. விமானப் போக்குவரத்து, கடல்துறை, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குப் பயன் தரும் ஆய்வுகளுக்கு அங்கே இடமுண்டு. விண்மீன் கூட்டங்களின் தோற்றம் பற்றிய விண்ணப்பத்தை அங்கே கொண்டுபோவதில் பொருளில்லை.

எந்தக் கதவாக இருந்தாலும் ஒரு கேள்வி காத்திருக்கும்: இதைச் சிங்கப்பூரில் இருந்து ஏன் செய்ய வேண்டும்? இதற்கு எழுதும் ஒரு பத்திக்கு ஒரு வாரம் செலவழித்தாலும் தகும். “சிங்கப்பூரை மையமாக உயர்த்தும்” என்ற வரியை மதிப்பீட்டாளர்கள் ஆயிரம் முறை படித்திருப்பார்கள். இயற்பியலில் இருந்து பதில் சொல்லுங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே, காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு) தெற்கே இருக்கிறோம். சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழ்கள் மேலெழும்புகின்றன. அவற்றின் வழியே வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை படபடக்கிறது, சில நேரம் அறுந்தே போகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். விமானமும் கப்பலும் நம்பியிருப்பது இந்த ஜிபிஎஸ் வழிகாட்டலைத்தான். ஐரோப்பாவில் உட்கார்ந்து இந்தக் குமிழ்களை நேரடியாக அளக்க முடியாது. இப்படி இடத்தோடு ஒட்டிய காரணம் கிடைத்தால் விண்ணப்பம் பாதி எழுதப்பட்டுவிட்டது. 2015இல் ஏவப்பட்ட சிங்கப்பூரின் டெலியோஸ்-1 துணைக்கோள் பூமத்திய ரேகையை ஒட்டிய பாதையில் சுற்றியதற்கும் காரணம் இதே தர்க்கம்தான்: அடிக்கடி நம் தலைக்கு மேல் வரும்.

மேகமும் நகர ஒளியும் சூழ்ந்த இத்தீவில் பெரிய ஒளியியல் தொலைநோக்கிக்குப் பணம் கேட்காதீர்கள். அந்த வரி முழு விண்ணப்பத்தின் நம்பகத்தையும் கெடுக்கும். நோக்கும் நேரத்தை வெளிநாட்டு ஆய்வகங்களிடம் தனியாகக் கேளுங்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு எந்த நாட்டவரும் முன்மொழியலாம். கையா துணைக்கோள் 2022இல் வெளியிட்ட மூன்றாம் தரவுத் தொகுப்பில் ஏறக்குறைய 180 கோடி வானியல் பொருள்கள் இருக்கின்றன, இலவசமாக. மானியத்தில் கேட்க வேண்டியது ஆளும் கணினியும்.

அடுத்தது வரவுசெலவு. ஆள்பலம், கருவி, இதர செலவு, வெளிநாட்டுப் பயணம் என்று பிரியும். பல்கலைக்கழகங்களுக்கு நேரடிச் செலவின் மேல் 30% மறைமுகச் செலவு (கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) சேர்வது வழக்கம். தவறு நடப்பது இங்கேதான். உச்சவரம்பு 1 மில்லியன் வெள்ளி, மறைமுகச் செலவையும் உள்ளடக்கியது என்று அறிவிப்பு சொன்னால், உங்கள் கைக்கு வருவது 1,000,000 ÷ 1.3, அதாவது சுமார் 769,200 வெள்ளி. முழு மில்லியனுக்குத் திட்டம் போட்டுவிட்டுக் கடைசி நாளில் 230,000 வெள்ளியை வெட்ட நேர்ந்தால், வெட்டுப்படுவது பெரும்பாலும் ஓர் ஆய்வாளரின் சம்பளம். வேலைத்திட்டம் மட்டும் அப்படியே நிற்கும். மதிப்பீட்டாளர் அந்தப் பொருத்தமின்மையை உடனே கண்டுபிடிப்பார். கருவிகளுக்கு விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை ஆய்வாளரின் சொந்தச் சம்பளத்தைப் பொதுவாகச் சேர்க்க முடியாது. பணமும் பொதுவாக நாட்டுக்குள்தான் செலவாக வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளி தம் செலவில் என்ன தருகிறார் என்பதை அவருடைய கடிதத்தில் எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள்: எத்தனை இரவு நோக்கல், எத்தனை மணி நேரக் கணினி.

துணைக்கோள் கட்டுபவர்களுக்கு இன்னும் சில. கியூப்சாட் எனும் சிறு துணைக்கோளின் ஓர் அலகு 10 செண்டிமீட்டர் கனசதுரம்தான், ஆனால் அதன் தாள்வேலை சிறியதல்ல. சோதனைக்கு ஒன்று, பறப்பதற்கு ஒன்று என இரண்டு மாதிரிகளுக்கு விலை போடுங்கள். அதிர்வுச் சோதனை, வெப்ப வெற்றிடச் சோதனை இரண்டும் தனி வரிகளாக இருக்கட்டும். அலைவரிசைப் பதிவு தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வழியாக அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்குப் போக வேண்டும். அதை முதல் ஆண்டிலேயே தொடங்காவிட்டால் துணைக்கோள் தயாராகி அலமாரியில் காத்திருக்கும். ஏவுதளத்துக்கு அனுப்பச் சுங்கத்துறையின் உத்திபூர்வப் பொருள் (ராணுவத்துக்கும் பயன்படக்கூடியது) அனுமதி தேவைப்படலாம். ஏவும் தேதி தள்ளிப்போகும் என்றே வைத்துக்கொண்டு குறைந்தது 6 மாத இடைவெளி விடுங்கள்.

படிப்படியாக வளரும் திட்டத்துக்கு மதிப்பு அதிகம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் ஒளிமூலக் கருவி 2014இல் ஏவியபோதே வெடித்த ராக்கெட்டில் இருந்தது. மீட்டுப் பார்த்தபோது வேலை செய்தது. 2015இல் அதே வகைக் கருவி அப்பல்கலைக்கழகத்தின் கலாசியா துணைக்கோளில் பறந்தது. 2019இல் ஏவப்பட்ட ஸ்பூக்கி-1 துணைக்கோள், இரண்டு ஒளித்துகள்களின் நிலைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் குவாண்டம் பிணைப்பைச் சுற்றுப்பாதையில் காட்டியது. உங்கள் விண்ணப்பத்திலும் ஒவ்வொரு படிக்கும் ஓர் அளவுகோல் எழுதுங்கள்: இத்தனை மாதத்தில் இந்த அளவு எட்டாவிட்டால் மாற்றுவழி இது.

சமர்ப்பிப்பு ஐஜிஎம்எஸ் எனும் அரசின் இணைய மானிய நிர்வாகத் தளத்தில். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் விண்ணப்பம் நிதியளிப்பவரிடம் போய்விடாது. உங்கள் நிலையத்தின் ஆய்வு அலுவலகம் ஒப்புதல் தந்த பிறகே போகும். அதனால் உள்கெடு (நிலையத்தின் கடைசி நாள்) வெளிக்கெடுவுக்கு (நிதியளிப்பவரின் கடைசி நாள்) ஒன்றிரண்டு வாரம் முந்தியே இருக்கும். நாள்காட்டியில் குறிக்க வேண்டியது உள்கெடுவைத்தான். இணை ஆய்வாளர்கள் எல்லாரும் தளத்தில் தங்கள் விவரத்தை நிரப்பிவிட்டார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒருவர் விடுமுறையில் போனாலும் விண்ணப்பம் நின்றுவிடும். ஒரே திட்டத்தை ஒரே சமயத்தில் இரண்டு மானியங்களுக்கு அனுப்பாதீர்கள், அது தகுதிநீக்கத்தில் முடியும்.

நிராகரிப்பு வந்தால் மதிப்பீட்டாளர் கருத்துகளை வரிவரியாக எடுத்து, எதை மாற்றினீர்கள், எதை ஏன் மாற்றவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். மறுமுறை விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் பக்கம்தான்.