ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ரேஸ் கண்டிஷன்: எந்த இடத்தில் எந்தப் பூட்டு

ஃப்ரீஆர்டிஓஎஸ் என்பது மைக்ரோகண்ட்ரோலரில் பல டாஸ்க்குகளை (தனித்தனி வேலைகளை) மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம். எஸ்டிஎம்32 போன்ற கார்டெக்ஸ்-எம் சிப்பில் ஒரு மாறியை ஒன்று கூட்டும் வரி, பார்க்க ஒரே வரிதான். கம்பைலர் அதை மூன்று கட்டளைகளாக்கும்: மெமரியிலிருந்து ரெஜிஸ்டருக்கு எடு, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. எடுத்த பிறகு, எழுதுவதற்குள் ஒரு இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டு உடனே கவனிக்கச் சொல்லும் ஹார்டுவேர் அழைப்பு) வந்து அதே மாறியைக் கூட்டிவிட்டுப் போகலாம். டாஸ்க் திரும்பி வந்ததும் தன்னிடமிருக்கும் பழைய கணக்கையே மேலே எழுதும். இன்டரப்ட் கூட்டியது காணாமல் போகும். இதுதான் ரேஸ் கண்டிஷன். அந்த இடைவெளி சில கிளாக் சுழற்சிகள்தான். அதனால் சோதனையில் அகப்படாமல், பெட்டிக்குள் பூட்டி அனுப்பிய பிறகு எப்போதாவது ஒருநாள் தலைகாட்டும்.

மாறிக்கு முன்னால் வோலடைல் போட்டால் இது தீராது. ஒவ்வொரு முறையும் மெமரியையே பார் என்று கம்பைலருக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. மூன்று கட்டளைகள் மூன்றாகவே இருக்கும்.

படிப்பது மட்டும்தானே என்றும் விட்டுவிட முடியாது. 8-பிட் ஏவிஆரில் 16-பிட் மாறியை இரண்டு பைட்டாகத்தான் படிக்க முடியும். மதிப்பு 255 ஆக இருக்கும்போது டாஸ்க் கீழ் பைட்டைப் படிக்கிறது. அந்த நேரம் பார்த்து இன்டரப்ட் அதை 256 ஆக்குகிறது. பிறகு மேல் பைட்டைப் படித்தால் கைக்கு வருவது 511. அந்த மாறியில் ஒருபோதும் இல்லாத எண் அது. 32-பிட் சிப்பில் 64-பிட் நேரக்கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

முதலில் பட்டியல்

பூட்டைத் தேடும் முன் பொதுவில் கிடப்பவற்றை எல்லாம் எழுதுங்கள்: குளோபல் மாறிகள், ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் மாறிகள், யூஆர்ட், ஐ2சி (தகவல் அனுப்பிப் பெறும் இணைப்புகள்) போன்ற பெரிஃபெரல்கள், உள்ளுக்குள் நிலையை வைத்திருக்கும் சி நூலக ஃபங்ஷன்கள் (ஸ்ட்ரிங்கைத் துண்டாக்கும் எஸ்டிஆர்டாக் இதில் அடிக்கடி விட்டுப்போகும்). ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று குறியுங்கள்: டாஸ்க்கா, இன்டரப்ட்டா, சிப்பில் உள்ள இன்னொரு கோரா (செயலகமா)? எந்தப் பூட்டு என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

பட்டியல் போட்டால் சில இடங்களில் பூட்டே வேண்டாம் என்றும் தெரியவரும். கார்டெக்ஸ்-எம்மில் ஒழுங்காக அலைன் ஆன 32-பிட் மாறியை ஒருவர் மட்டும் எழுதி மற்றவர்கள் படித்தால், பாதி எழுதிய மதிப்பு யாருக்கும் கிடைக்காது. ஆனால் இரண்டு மாறிகள் ஒன்றோடொன்று பொருந்தி இருக்கவேண்டும் என்றால் (நீளமும் பஃபரும் போல) இந்தச் சலுகை கிடையாது. ஜிபிஐஓ பின்களிலும் பூட்டைத் தவிர்க்கலாம். எல்லாப் பின்களின் வெளியீட்டையும் வைத்திருக்கும் ஓடிஆர் ரெஜிஸ்டரைப் படித்து, மாற்றி, எழுதுவதற்குப் பதில் பிஎஸ்ஆர்ஆர் ரெஜிஸ்டரில் எழுதினால் ஒரே எழுத்தில் அந்தப் பின் மட்டும் மாறும். பக்கத்துப் பின்களை இன்னொரு டாஸ்க் மாற்றினாலும் மோதல் இல்லை.

இன்டரப்ட்டோடு பகிர்ந்தால்

இங்கே மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரே டாஸ்க் பிடிக்கக்கூடிய பூட்டு) உதவாது, இன்டரப்ட்டால் காத்திருக்க முடியாது. இன்டரப்ட்டுகளை அடைத்துவைத்து ஓட்டும் சிறு பகுதியான கிரிட்டிக்கல் செக்ஷன்தான் வழி. கார்டெக்ஸ்-எம்3, எம்4, எம்7 சிப்களில் அது எல்லா இன்டரப்ட்டையும் அடைப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பேஸ்பிரை ரெஜிஸ்டர் மூலம் முன்னுரிமையில் ஒரு எல்லையிலும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் நிறுத்துகிறது. எஸ்டிஎம்32 மாதிரிக் கோப்புகளில் அந்த எல்லை பெரும்பாலும் 5. கார்டெக்ஸில் சிறிய எண்ணுக்கே அதிக முன்னுரிமை என்பதால், 5 முதல் 15 வரை உள்ளவை அடைபடும். 0 முதல் 4 வரை உள்ளவை கிரிட்டிக்கல் செக்ஷனுக்கு நடுவிலும் தாராளமாக உள்ளே வரும். முன்னுரிமை 2 உள்ள டைமர் இன்டரப்ட்டோடு ஒரு மாறியைப் பகிர்ந்துவிட்டு, கிரிட்டிக்கல் செக்ஷன் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பது வீண்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு: ஃப்ரீஆர்டிஓஎஸ் டாஸ்க்குகளுக்குக் கணக்கு தலைகீழ், அங்கே பெரிய எண்ணே உயர்ந்தது. இன்டரப்ட்டுக்கு முன்னுரிமை எதுவும் கொடுக்காமல் விட்டால் அது 0, அதாவது உச்சத்தில் நிற்கும். அங்கிருந்து ஆர்டிஓஎஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் கெர்னலின் பட்டியல்கள் சிதைந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் ஹார்ட் ஃபால்ட் (சிப்பையே நிறுத்திவிடும் பிழை) வரும். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் சரிபார்ப்பான கான்ஃபிக் அசெர்ட்டை இயக்கி வையுங்கள். இந்தத் தவறை அதுவே பிடித்துக் கொடுக்கும். இன்டரப்ட்டுக்குள் பெயரில் 'ஃப்ரம் ஐஎஸ்ஆர்' என்று முடியும் ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள்.

கிரிட்டிக்கல் செக்ஷன் எவ்வளவு நீளலாம்? 115200 பாட் வேகத்தில் ஒரு பைட் வர ஏறக்குறைய 87 மைக்ரோ செகண்ட். வரும் பைட்டுகளைத் தானே சேர்த்துவைக்கும் ஃபிஃபோவோ டிஎம்ஏவோ இல்லாத யூஆர்ட்டில் அதைவிட அதிக நேரம் இன்டரப்ட்டை அடைத்தால் ஓவர்ரன் ஆகிப் பைட் தொலையும். ஆகவே உள்ளே சில மாறிகளை நகலெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரிண்ட்எஃப், டிலே, க்யூவில் (டாஸ்க்குகள் செய்தி அனுப்பும் வரிசையில்) காத்திருப்பது எல்லாம் வெளியே.

டாஸ்க்குகளுக்குள் மட்டும் என்றால்

மியூட்டெக்ஸ் போடுங்கள். பைனரி செமஃபோரும் (ஒருவர் கொடுத்து இன்னொருவர் எடுக்கும் ஒற்றைக் கொடி) அதே வேலையைச் செய்வதுபோல் தோன்றும். ஆனால் அதில் பிரியாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் இல்லை, அதாவது காத்திருக்கும் உயர்ந்த டாஸ்க்கின் முன்னுரிமையை, பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த டாஸ்க்குக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி இல்லை. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி ரீசெட் ஆனதற்கு, மியூட்டெக்ஸில் இன்ஹெரிட்டன்ஸை இயக்காமல் விட்டதே காரணம். அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ். வானிலைத் தகவல் சேர்க்கும் தாழ்ந்த டாஸ்க் ஒரு மியூட்டெக்ஸை வைத்திருக்க, உயர்ந்த டாஸ்க் அதற்காகக் காத்துநிற்க, நடுத்தர டாஸ்க்குகள் புகுந்து தாழ்ந்ததை ஓடவிடாமல் செய்தன. உயர்ந்த டாஸ்க் நேரத்துக்கு முடிக்கவில்லை என்று கண்டதும் அமைப்பு தன்னையே ரீசெட் செய்துகொண்டது. பூமியிலிருந்து இன்ஹெரிட்டன்ஸை இயக்கியதும் சரியானது. ஃப்ரீஆர்டிஓஎஸ் மியூட்டெக்ஸில் அது கூடவே வருகிறது. செமஃபோரை, வேலை வந்துவிட்டது என்று சேதி சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மியூட்டெக்ஸை எடுத்த டாஸ்க்கே திருப்பித் தரவேண்டும். பிழை வந்தால் நடுவிலேயே ரிட்டர்ன் ஆகும் ஃபங்ஷனில் திருப்பித் தருவது விட்டுப்போகும். வெளியேற ஒரே வழி இருக்குமாறு எழுதுவது நல்லது. காத்திருப்பு நேரத்தை முடிவிலி என்று வைக்காமல் 100 மில்லி செகண்ட் போல வைத்து, கிடைத்ததா என்று திரும்பிவரும் மதிப்பைப் பாருங்கள். பார்க்காமல் உள்ளே போனால் பூட்டு இருந்தும் இல்லாத கணக்கு. இரண்டு மியூட்டெக்ஸ் தேவைப்பட்டால் எல்லா டாஸ்க்குகளும் ஒரே வரிசையில் எடுக்கவேண்டும். ஒன்று முதலில் எஸ்பிஐயையும் இன்னொன்று முதலில் ஃப்ளாஷையும் பிடித்தால் ஒன்றுக்கொன்று காத்து இரண்டும் நின்றுவிடும், அதுவே டெட்லாக்.

பெரிஃபெரலை நான்கைந்து டாஸ்க்குகள் பகிர்ந்தால் மியூட்டெக்ஸைவிட இது சுத்தம்: யூஆர்ட்டைத் தொடும் உரிமையை ஒரே டாஸ்க்குக்குக் கொடுத்து, மற்றவை அதன் க்யூவில் செய்தி போடட்டும். க்யூ செய்தியை நகலெடுத்துக்கொள்ளும். ஆனால் பாயின்ட்டரை அனுப்பினால் நகலாவது முகவரி மட்டுமே. அனுப்பிய பிறகு அந்த பஃபரைத் தொடாதீர்கள். ஸ்டாக்கில் இருக்கும் உள்ளூர் மாறியின் முகவரியை அனுப்பவே கூடாது.

பார்த்துவிட்டுச் செய்யும் குறியீட்டையும் தேடிப் பாருங்கள். க்யூவில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் எடுப்பது. இரண்டு டாஸ்க்குகள் எடுத்தால், கேட்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் மற்றது எடுத்துவிடும். நேராக எடுக்க முயன்று, கிடைத்ததா என்று பாருங்கள்.

இரண்டு கோர் உள்ள இஎஸ்பி32இல் இன்டரப்ட்டை அடைத்தால் இந்தக் கோரில் மட்டுமே அடையும். மற்ற கோர் தன்பாட்டுக்கு ஓடும். அதனால்தான் அங்கே கிரிட்டிக்கல் செக்ஷனுக்கு ஒரு ஸ்பின்லாக்கையும் (கிடைக்கும்வரை மற்ற கோரைச் சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு) கொடுக்கவேண்டியிருக்கிறது. ஒரே தரவைத் தொடும் இடங்கள் எல்லாம் ஒரே ஸ்பின்லாக்கைப் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள்.

சோதிக்கும் முறை

காத்திருந்தால் பிழை வராது, வரவழைக்கவேண்டும். பட்டியலில் பூட்டு வேண்டாம் என்று குறித்த ஒவ்வொரு இடத்திலும், படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் சில மில்லி செகண்ட் வெறும் சுழற்சியைச் செருகி ஓட்டுங்கள். சில கிளாக்காக இருந்த இடைவெளி இப்போது பல்லாயிரம் கிளாக். மோதல் இருந்தால் நிமிடங்களில் வெளிப்படும். கிரிட்டிக்கல் செக்ஷனுக்குள் மட்டும் இதைச் செருகவேண்டாம். அங்கே நுழையும்போது ஒரு பின்னை உயர்த்தி, வெளியேறும்போது தாழ்த்தி, ஆசிலோஸ்கோப்பில் அகலத்தைப் பாருங்கள். அந்த 87 மைக்ரோ செகண்டை எங்காவது நெருங்கினால், உள்ளே இருப்பதில் எதை வெளியே நகர்த்தலாம் என்று பார்க்கவேண்டும்.