லைட் ஸ்போர்ட் விமானத்தில் குடும்பத்தோடு வார இறுதிப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் லைட் ஸ்போர்ட் விமானம் என்ற வகை 2004-இல் சட்டமானது. இரண்டே இருக்கை, ஒரே இன்ஜின், தரையில் இறங்கும் விமானமானால் கிளம்பும்போது அதிகபட்ச எடை 600 கிலோ என்பது அப்போது வகுத்த வரம்பு. இன்று விமான நிலையங்களில் நிற்கும் லைட் ஸ்போர்ட் விமானங்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் கட்டியவைதான். சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மதியம் வீடு திரும்ப இதைவிட இனிமையான வண்டி கிடையாது. ஆனால் இதில் நடக்கும் தவறுகளில் பல விமானம் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதல் தவறு, ஆட்கணக்கு. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதியால், லைட் ஸ்போர்ட் விமானம் ஓட்டுவதற்கான ஸ்போர்ட் பைலட் உரிமம் உள்ளவர்கள் செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தையும் ஓட்டலாம். இதைக் கேட்டதும் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இருக்கை நான்கு இருந்தாலும் ஸ்போர்ட் பைலட் கூட்டிச்செல்லக் கூடியது ஒரே ஒரு பயணியைத்தான். மடியில் இருக்கும் கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். முழுக் குடும்பமும் ஒன்றாகப் பறக்க வேண்டுமென்றால் பிரைவேட் பைலட் உரிமம் வேண்டும். அதுவரை ஒருவர் பறக்க, மற்றவர்கள் காரில் வந்து சேர்வதுதான் வழி. திரும்பும்போது ஆளை மாற்றிக்கொண்டால் பிள்ளைகள் இருவருக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

அடுத்தது எடை. இதைக் கண்மதிப்பில் விடவே கூடாது. விமானத்தின் வெற்று எடை 365 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 600-இல் மிச்சம் 235. 85 கிலோ, 68 கிலோ என்று இருவர் ஏறினால் 82 கிலோ மிச்சம். டேங்க்கில் 100 லிட்டர் நிரப்பினால் பெட்ரோல் மட்டும் 72 கிலோ. ஆக, இரண்டு நாள் பயணத்துக்கான எல்லாச் சாமானுக்கும் சேர்த்து 10 கிலோ! ஹெட்செட் பைகள், தண்ணீர் பாட்டில், லேப்டாப் என்று வைத்தாலே அது தீர்ந்துவிடும். இங்கேதான் பலரும் "பத்து கிலோ கூடினால் என்ன ஆகிவிடும்" என்று துணிகிறார்கள். அதிக எடையோடு, பின்னால் இருக்கும் சாமான் அறையிலேயே எல்லாவற்றையும் திணித்தால் எடைமையமும் பின்னுக்குப் போகும். அப்போது மூக்கு தானாக மேலே தூக்கும். வேகம் குறைந்து ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்தால், மீட்பது கடினம்.

சரியான வழி டேங்க்கைக் குறைப்பது. 60 லிட்டர் போட்டால் 43 கிலோ. சாமானுக்கு 39 கிலோ கிடைக்கும். அதையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது, சாமான் அறைக்கென்று கையேட்டில் தனி வரம்பு இருக்கும். மணிக்கு 20 லிட்டர் என்றால் 60 லிட்டர் மூன்று மணி நேரம். பகலில் அரைமணி நேரக் கையிருப்பு இருந்தால் போதும் என்கிறது சட்டம். நாங்கள் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக வைக்கவே வேண்டாம் என்போம். மீதி இரண்டு மணி நேரத்தில் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் 200 கடல் மைல் போகலாம். எதிர்க்காற்று 20 நாட் அடித்தால் அதே தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், கையிருப்பில் பாதி கரைந்துவிடும். அதனால் காற்றைப் பார்க்காமல் "டேங்க் போதும்" என்று சொல்லிவிடக் கூடாது. ஆட்களின் எடையைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், வீட்டிலேயே பையோடு சேர்த்துத் தராசில் நிற்கச் சொல்லுங்கள்.

மேட்டு நிலத்து விமான நிலையங்கள் இன்னொரு பொறி. அரிசோனாவின் செடோனா வார இறுதிக்குப் பேர்போன இடம். கடல் மட்டத்திலிருந்து 4,830 அடி உயரத்தில், மொட்டை மலைமேல் ஓடுபாதை. அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பம் 5 டிகிரி செல்சியஸ்தான். கோடை மதியத்தில் 35 டிகிரி இருந்தால் 30 டிகிரி கூடுதல். சூட்டில் காற்று மெலிந்துவிடுவதால், ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் 3,600 அடியை உயரத்தோடு கூட்டுங்கள். விமானம் 8,400 அடியில் நிற்பதாகவே நினைத்துக்கொள்ளும். 100 குதிரைத்திறன் ரோடாக்ஸ் 912 இன்ஜின் அங்கே ஏறக்குறைய 75-தான் தரும். இறங்கும்போது இது தெரியாது. மதிய உணவு முடித்து, டேங்க் நிரப்பி, வெயில் உச்சியில் இருக்கும்போது கிளம்பினால்தான் தெரியும். அதே இடத்தில் காலை 15 டிகிரியில் கிளம்பினால் கணக்கு 6,000 அடிதான். ஓடுபாதையும் சரிவானது. காற்று இடம் கொடுத்தால் மேட்டைப் பார்த்து, 3 என்று எண்ணிட்ட திசையில் இறங்கி, பள்ளத்தைப் பார்த்து, 21 என்று எண்ணிட்ட எதிர்த்திசையில் கிளம்புவார்கள்.

காலையில் பறப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 600 கிலோ விமானத்தை மதிய வெப்பக்காற்று பந்தாடும். பைலட்டுக்கு அது பழகியது, பக்கத்தில் இருப்பவருக்கு இல்லை. முதல் பயணம் அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கண்ணாடிக் கூரையின் கீழ் வெயில் நேராக இறங்கும், தொப்பி வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் ஹெட்செட்டை மாட்டினால் காதோரம் இடைவெளி விடும். சத்தம் தாங்காமல் அழுவார்கள். சிறிய அளவு ஹெட்செட் தனியாக வாங்குங்கள். இறங்கும்போது நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் வேண்டாம், குடிக்க ஏதாவது கொடுத்தால் காது அடைக்காது.

விமானத்துக்கே பாராசூட் இருந்தால் அதன் கைப்பிடியில் ஒரு பாதுகாப்பு ஊசி இருக்கும். பறக்கும் முன் அதை எடுக்க மறப்பதும், நிறுத்திய பின் திரும்பச் செருக மறப்பதும் ஒரே அளவு ஆபத்து. அது சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டும் சிவப்புக் கைப்பிடி. இழுத்தால் ராக்கெட் வெடித்துக் கிளம்பும்.

ரோடாக்ஸ் 912-க்கு எண்ணெய் பார்ப்பதிலும் ஒரு பழக்கம் உண்டு. எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. இன்ஜின் நின்றபின் கொஞ்சம் கீழேயே தங்கிவிடும். அளவுக்கம்பியை மட்டும் பார்த்துவிட்டு எண்ணெய் குறைவென்று மேலும் ஊற்றுவது வழக்கமான தவறு. இக்னிஷன் இரண்டும் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, தொட்டியின் மூடியைத் திறந்து, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றுங்கள். தொட்டிக்குள்ளிருந்து "களக்" என்ற சத்தம் கேட்டதும் நிறுத்திப் பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் எண்ணெய்க் குழாய்களுக்குள் காற்று புகும். கம்பியில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே 0.45 லிட்டர்தான். எண்ணெய் 50 டிகிரி சூடாகும்வரை முழு விசை கொடுக்க வேண்டாம்.

இந்த 912-இன் 100 குதிரைத்திறன் வகையான யுஎல்எஸ் இன்ஜினுக்குப் பிடித்தது அமெரிக்க பம்பில் ஆக்டேன் 91 என்று போட்டிருக்கும் பிரீமியம் பெட்ரோல். எத்தனால் 10 சதவீதத்துக்குள். போகும் ஊரில் ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான 100எல்எல் மட்டுமே கிடைத்தால் போடலாம், குற்றமில்லை. ஆனால் பறக்கும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் அதிலேயே ஓடினால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக வேண்டும்.

கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவுக்குப் போகிறவர்கள் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் சந்திப்பார்கள். அங்கே பெட்ரோல் கிடையாது, போகவர இரண்டுக்கும் கிளம்பும் இடத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். இடையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடல். இன்ஜின் நின்றால் உயரத்தைப் போல் ஒன்பது மடங்கு தூரம் மிதந்து போகும் விமானம், 3,000 அடியிலிருந்து 8 கிலோமீட்டர்தான் போகும். நடுவில் 19 கிலோமீட்டருக்கு எந்தக் கரையும் எட்டாது. 8,500 அடியில் போனால் காற்றில்லாத நாளில் 23 கிலோமீட்டர் எட்டும். எந்த இடத்திலும் ஏதோ ஒரு கரை உண்டு. உயிர்காப்பு அங்கியைப் பையில் வைக்காமல் ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், கடலில் இறங்க நேர்ந்தால் விமானத்தை விட்டு வெளியே வந்தபின் மட்டுமே ஊதச் சொல்லுங்கள். 3,000 அடி ஓடுபாதையின் நடுப்பகுதி மேடாக இருப்பதால் இறங்கும்போது மறுமுனை தெரியாது. பாதை முடிந்துவிட்டதென்று பதறி பிரேக்கை அழுத்திவிடாதீர்கள்.

கோடையில் கடலிலிருந்து வரும் தாழ்மேகம் மாலையில் கரையை மூடத் தொடங்கும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி இருட்டுமுன் போய்விடலாம் என்ற திட்டத்தில் மேகமும் இருட்டும் ஒன்றாக வந்து நிற்கும். மறுநாள் அலுவலகம் என்ற அவசரம் அப்போது மேகத்துக்கு மேல் பறக்கச் சொல்லும். கிளம்பும் நேரத்தை மதியத்துக்கு முன்பாக வையுங்கள். தீவிலிருந்து லாங் பீச்சுக்கும் சான் பெட்ரோவுக்கும் பயணிகள் படகு ஓடுகிறது. இருவருக்கான படகு டிக்கெட்டையும், விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டி ஓரிரு இரவு விட்டுவைக்கும் கட்டணத்தையும் சனிக்கிழமை கிளம்பும் முன்பே பயணச் செலவில் சேர்த்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தால், மேகத்தைப் பார்த்ததும் படகுத்துறைக்குப் போக மனம் தயங்காது.